சென்னைச் சாலைகளின் வாகன இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறடிச் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளத்தில் பல ஆண்டுகளாக வசித்துவருகிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இரைச்சல் தொடர்பான முறையீடுகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு, அண்டை வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்குத் தேடிக் கண்ட விடைகளையும் குறித்துவைக்கத் தொடங்கினேன். அந்தக் குறிப்புகளே இங்கே விரிவாக உள்ளன.

வாகன இரைச்சல் நகர வாழ்க்கையோடு வரும் ஒரு தொல்லைதானே? அதை ஏன் மாசு என்று சொல்ல வேண்டும்?

தொல்லை என்று சொல்லிப் பழகிவிட்டதால்தான் அதன் கேடு நம் கண்ணுக்குப் படுவதில்லை. கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு மூடி கிடையாது. நாம் உறங்கும்போதும் காது கேட்டுக்கொண்டே இருக்கிறது. விழிப்பு வராவிட்டாலும் ஒவ்வொரு ஹாரனுக்கும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்றே உயர்ந்து இறங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இதய இரத்தக்குழாய் நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதை வைத்தே உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பிய வட்டாரத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சாலைப் போக்குவரத்தின் ஒலி, மாலைக்கும் இரவுக்கும் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடும் நாள் சராசரியில் 53 டெசிபலுக்குக் கீழும், இரவில் மட்டும் 45 டெசிபலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சென்னையின் பெரிய சாலை எதையேனும் ஒட்டி வசிப்பவருக்கு இந்த எண்கள் வேறு உலகத்துக் கணக்காகத் தோன்றும்.

டெசிபல் கணக்கு புரியவில்லை. 65-க்கும் 75-க்கும் பத்துதானே வித்தியாசம்?

டெசிபல் என்பது மடக்கை அளவு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகிறது. நம் காதுக்கு அந்தப் பத்து மடங்கு, ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு கசப்பான உண்மை விளங்கும்: சாலையில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையைச் சரிபாதியாகக் குறைத்தாலும், மற்றவை மாறாதிருந்தால், ஒலி 3 டெசிபல்தான் குறையும், அது காதுக்குச் சிறிதளவே தெரியும். வாகனங்களைக் குறைக்க வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் இரைச்சலை மட்டும் கருதினால், வேறு இடத்தில்தான் கைவைக்க வேண்டும்.

சட்டம் எந்த அளவை அனுமதிக்கிறது?

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் இதைச் சொல்கின்றன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல், மற்றது இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. அமைதி மண்டலத்தில் 50, 40. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். இவை அனைத்தும் ஒரு கால அளவுக்கான சராசரிகள்; ஒரு நொடி எட்டிப் பார்க்கும் உச்சங்கள் அல்ல.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் ஏழு பெருநகரங்களில் இடைவிடாமல் ஒலியை அளந்துவருகிறது. நகரத்துக்குப் பத்து நிலையங்கள். சென்னையில் எழும்பூர் கண் மருத்துவமனை, தியாகராய நகர், பெரம்பூர், கிண்டி, திருவல்லிக்கேணி, வேளச்சேரி, சௌகார்பேட்டை முதலிய இடங்களில் அவை அமைந்துள்ளன. நம் வீட்டுக்கு அருகில் உள்ள நிலையத்தின் பதிவைப் பார்ப்பது, புகார் எழுதும் எவருக்கும் நல்ல தொடக்கம்.

வாகன இரைச்சல் என்பது உண்மையில் எதிலிருந்து வருகிறது?

எஞ்சினும் புகைபோக்கியும் ஒன்று, டயர் சாலையில் உருளும் ஒலி இரண்டு, ஹாரன் மூன்று, வாகனத்திலும் சாலையிலும் ஆட்டமாடும் பாகங்கள் நான்கு. குறைந்த வேகத்தில் எஞ்சின் மேலோங்கும். மணிக்கு 40 அல்லது 50 கி.மீ.க்கு மேல் செல்லும் காரில் டயரின் ஒலி முந்திவிடும். ராஜீவ் காந்தி சாலையில் நள்ளிரவுக்குப் பின் கேட்கும் நீண்ட உறுமல் பெரும்பாலும் டயரின் ஒலியே. அதே சாலையின் சிக்னல் ஒன்றில் மாலை ஏழு மணிக்குக் கேட்பது எஞ்சினும் ஹாரனும். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு வேகக் கட்டுப்பாடும் நல்ல சாலைப் பரப்பும். இரண்டாவதற்கு ஒழுங்கான சந்திப்பு.

நான்காவது வகையைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சாலை மட்டத்துக்குப் பொருந்தாத பாதாளச் சாக்கடை மூடியின் மீது ஒவ்வொரு வாகனமும் ஏறி இறங்கும்போது எழும் ‘டொக்’ என்ற ஒலி, அதற்கு நேரெதிர் வீட்டாரின் உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது. எங்கள் தெருமுனையில் அத்தகைய மூடி ஒன்றைச் சரிசெய்ய வைத்தபோது, எதிர்வீட்டு அம்மாள் மறுநாள் காலை கீழே இறங்கிவந்து நன்றி சொன்னார். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் பதிவுசெய்யக்கூடிய குறைதான் அது.

ஹாரனுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? அது ஒரு நொடிச் சத்தம்தானே?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹாரனே இல்லாத சாலையின் ஓரத்தில் சராசரி 70 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொரு நிமிடத்திலும் மொத்தம் மூன்று விநாடிகள் மட்டும் 90 டெசிபல் அளவில் ஹாரன் ஒலித்தால், அந்த நிமிடத்தின் சராசரி கிட்டத்தட்ட 78 டெசிபலாக உயர்ந்துவிடும். மீதி 57 விநாடிகளின் ஒலியாற்றலைப் போல ஐந்து மடங்கை அந்த மூன்று விநாடிகளே கொட்டிவிடுகின்றன. இந்த 8 டெசிபலை வாகனங்களைக் குறைத்துப் பெற வேண்டுமானால், ஆறு வாகனங்களில் ஐந்தைச் சாலையிலிருந்து அகற்ற வேண்டியிருக்கும்.

கோடிக்கணக்கில் செலவிட்டு எழுப்பும் தடுப்புச் சுவர் தரக்கூடிய பலனை, செலவே இல்லாமல் ஒரு கட்டைவிரலை அடக்கிக்கொள்வதால் பெறலாம் என்பதே இந்தக் கணக்கின் பொருள். சென்னையின் இரைச்சலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றால், அது இதுதான்.

அப்படியானால் ஓட்டுநர்கள் ஏன் இத்தனை ஹாரன் அடிக்கிறார்கள்? ஒழுக்கக் குறைவா?

ஒழுக்கக் குறைவும் உண்டு. அதோடு நின்றுவிட்டால் தீர்வு கிடைக்காது. எங்கள் பலகணியிலிருந்து மாலை நேரங்களில் ஒவ்வொரு ஹாரனுக்கும் காரணம் என்னவென்று சில வாரங்கள் குறித்துப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்பதால் மாநகரப் பேருந்து சாலையின் நடுவிலேயே நிற்க, அதன் பின்னால் வந்து தேங்கும் வாகனங்கள் அடிப்பவை ஒரு பெரும் பகுதி. இடப்பக்கம் திரும்ப வேண்டியவர்களின் வழியை நேராகச் செல்ல வேண்டியவர்கள் அடைத்து நிற்பதால் எழுபவை இன்னொரு பகுதி. சிக்னலில் சிவப்பு எண் இறங்கி முடிவதற்கு மூன்று விநாடிக்கு முன்பே பின்வரிசையிலிருந்து கிளம்பும் கூட்டு ஒலி வேறொன்று. எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனத்தை எச்சரிக்க அடிப்பதும், தண்ணீர் லாரி வழி கேட்டு அடிப்பதும் மற்றவை. மோதலைத் தவிர்க்க உண்மையிலேயே தேவைப்பட்ட ஹாரன் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

இவற்றில் பெரும்பாலானவை சாலை அமைப்பின் குறைகள். பேருந்துக்கெனத் தனி நிறுத்தப் பகுதியும், ஆட்டோக்களுக்கு நிறுத்தம் தாண்டி இருபது முப்பது மீட்டர் தள்ளி ஓர் இடமும், இடப்பக்கத் திருப்பத்துக்குத் தெளிவான தடமும், அழியாத நிறுத்தக்கோடும் இருந்தால், யாரும் யாருக்கும் புத்தி சொல்லாமலே ஹாரன் குறையும். 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதைகளை அகலப்படுத்திய பிறகு, நடப்பவர் நடைபாதையிலும் வாகனம் சாலையிலும் பிரிந்து செல்ல இடம் கிடைத்தது. ஆளை விலகச் சொல்லி ஹாரன் அடிக்க வேண்டிய தேவை அந்த அளவுக்கு இல்லாமல் போகிறது. விழிப்புணர்வுப் பதாகைகளை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பதாகைக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பாதியைச் சந்திப்புகளைச் சீரமைப்பதில் செலவிட்டால் பலன் நீடித்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹாரன் குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது?

தேவையின்றியோ தொடர்ச்சியாகவோ தேவைக்கு அதிகமாகவோ ஹாரன் அடிப்பதும், தடைசெய்யப்பட்ட இடத்தில் அடிப்பதும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-எஃப் பிரிவின்படி குற்றம். முதல் முறை 1,000 ரூபாய், அடுத்தடுத்த முறைகளில் 2,000 ரூபாய் அபராதம். ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுருதிகளில் ஒலிக்கும் ஹாரன்களையும், கடூரமாகவோ கீச்சிட்டோ அலறுகிற ஹாரன்களையும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி தடைசெய்கிறது. அமைதி மண்டலங்களில் எந்நேரமும், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 மணி வரையும், பொது அவசரம் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலையில் அளித்த ஒலி மாசுத் தீர்ப்பில், குடியிருப்புப் பகுதிகளில் இரவு நேர ஹாரனுக்கு இதே தடையைச் சொல்லியிருக்கிறது.

சைலன்சரை மாற்றிய மோட்டார் சைக்கிள்களை என்ன செய்வது?

175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது, வகுக்கப்பட்ட சோதனை முறையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. சைலன்சரின் உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பை அகற்றிவிட்டால் அந்த வரம்பெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. வாகனத்தை அனுமதியின்றி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசு விதிகளை மீறி வாகனம் ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதங்களுக்கு உரிமத் தகுதியிழப்பும் உண்டு. நள்ளிரவில் இத்தகைய ஒரே ஒரு வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையின் நீளத்துக்கு ஓடினால், வழியில் எத்தனை ஆயிரம் பேர் விழித்தெழுவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விற்கும் கடையையும் பொருத்தித் தரும் பட்டறையையும் விட்டுவிட்டு, ஓட்டும் இளைஞரை மட்டும் பிடிப்பது போதாது.

பகலைவிட இரவில் லாரிச் சத்தம் அதிகமாக இருக்கிறதே?

பகலில் கனரகச் சரக்கு வாகனங்கள் நகருக்குள் வரக் கட்டுப்பாடு இருப்பதால், அவை இரவில் திரண்டு வருகின்றன. பகல் நெரிசலுக்கு இது நல்ல ஏற்பாடு; உறக்கத்துக்குக் கேடு. எண்ணூர் நெடுஞ்சாலை, திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பகுதி மக்கள் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். ஒரு கனரக லாரி எழுப்பும் ஒலி, நகர வேகத்தில் ஏறக்குறைய பத்துக் கார்களின் ஒலிக்குச் சமம். சரக்கில்லாத லாரியின் கதவும் சங்கிலியும் அடித்துக்கொள்ளும் ஓசை அதற்கு மேல். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரையிலான வெளிவட்டச் சாலை, நகருக்குள் வரத் தேவையில்லாத லாரிகளை வெளியே திருப்ப உதவுகிறது. துறைமுகம்–மதுரவாயல் ஈரடுக்கு உயர்மட்டச் சாலை முடிந்தால் கண்டெய்னர் போக்குவரத்துக்குத் தனி வழி கிடைக்கும். ஆனால் கூவக் கரையை ஒட்டி உயரத்தில் ஓடும் சாலையின் ஒலி நெடுந்தொலைவு பரவும் என்பதால், அதன் ஓரங்களில் ஒலித்தடுப்புகள் வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். கட்டி முடித்த பின் கேட்டால் பாலம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற கேள்விதான் பதிலாக வரும்.

மேல்மாடிக்குக் குடிபோனால் சத்தம் குறையுமா?

நம்பிப் போனவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். சாலை ஒரு புள்ளி அன்று, நீண்ட கோடு. கோட்டிலிருந்து வரும் ஒலி, தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறையும். தரைத்தளத்துக்குச் சுற்றுச்சுவர் தரும் மறைவு மூன்றாம் தளத்துக்குக் கிடையாது. அதோடு மேலே போகப் போகச் சாலையின் நெடுந்தொலைவுப் பகுதியும் காதுக்கு நேராக வந்துவிடுகிறது. மாடியைவிட, சாலைக்குப் பின்புறம் பார்த்த வீட்டைத் தேர்ந்தெடுப்பதே மேல். கட்டடமே அங்கே சுவராக நிற்கும்.

மரம் நட்டால் இரைச்சல் குறையுமா?

மரம் நடுங்கள், நிழலுக்காகவும் காற்றுக்காகவும் நடுங்கள். நடுத்திட்டில் உள்ள அரளி வரிசை ஒலியைத் தடுக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஊடே பார்க்க முடியாத அளவுக்கு அடர்ந்த மரக்கூட்டம் 30 மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் 5 டெசிபல் அளவுக்குக் குறையும். கிண்டித் தேசியப் பூங்காவை ஒட்டியவர்களுக்கு அது வாய்த்திருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை.

தடுப்புச் சுவர்?

ஒலிக்கும் காதுக்கும் இடையிலான நேர்க்கோட்டை மறைத்தாலே 5 டெசிபல் குறையும். உயரம் கூடக்கூட இன்னும் குறையும். நடைமுறையில் 15 டெசிபலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சுவரில் இடைவெளி இருக்கக் கூடாது, கனமும் வேண்டும். நம் சாலைகளிலோ பத்து அடிக்கு ஒரு கடை, இருபது அடிக்கு ஒரு வாசல். அதனால் சுவர் மேம்பாலங்களுக்கும் புறவழிச் சாலைகளுக்குமே பொருந்தும். அங்கும் எதிரே உள்ள உயரமான அடுக்குமாடிகளின் மேல்தளங்களுக்குப் பயன் தராது.

சாலைப் பரப்பை மாற்றினால்?

நுண்துளைகள் கொண்ட தார்ப்பரப்பு டயரின் ஒலியை 3 முதல் 4 டெசிபல் வரை உள்வாங்கிக்கொள்ளும். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் அது பயனில் உள்ளது. சென்னையின் புழுதியும் மழைநீரோடு வரும் மண்ணும் அந்தத் துளைகளை விரைவில் அடைத்துவிடும் என்பதே என் அச்சம். அதைவிட, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சமமாகப் புதிய பரப்பு போடுவதும், குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளங்களை மேடுபள்ளமின்றி மூடுவதும் எளிதில் கைகூடும் வேலைகள். வேகத்தடைகளையும் இங்கே சொல்ல வேண்டும். செங்குத்தாக எழுந்து நிற்கும் வேகத்தடை வேகத்தைக் குறைத்தாலும், பிரேக், மோதல், மீண்டும் முடுக்கம் என்று மூன்று ஒலிகளைக் கூட்டுகிறது. அகன்று மெல்ல உயரும் அமைப்பு இரண்டு நோக்கத்தையும் நிறைவேற்றும்.

வேகத்தைக் குறைப்பது உதவுமா?

நிச்சயமாக. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் 50-க்கு இறங்கினால் டயரின் ஒலி 2 டெசிபலுக்குச் சற்று மேலாகக் குறையும். 2023 நவம்பரில் சென்னையில் வேக வரம்புகள் திருத்தப்பட்டபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கி.மீ. என்று வகுக்கப்பட்டது. அது பலகையில் மட்டும் நில்லாமல் நடைமுறைக்கு வந்தால், விபத்தோடு இரைச்சலும் குறையும்.

மின்சார வாகனங்கள் வந்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். சிக்னலில் நின்று புறப்படும்போதும் தெருக்களுக்குள் மெதுவாகச் செல்லும்போதும் எஞ்சின் ஒலி இல்லாதது பெரிய ஆறுதல். 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்திலிருந்து டீசல் பேருந்து புறப்படுவதையும் அது புறப்படுவதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு எவருக்கும் விளங்கும். வேகமெடுத்த பிறகு டயர் பழைய டயர்தான். ஹாரனும் பழைய ஹாரன்தான்.

சாலை மாறும்வரை வீட்டுக்குள் என்ன செய்யலாம்?

படுக்கையறையை முதலில் கவனியுங்கள். சாலைப் பக்கத்து அறையைக் கூடமாகவும் பின்பக்கத்து அறையைப் படுக்கையறையாகவும் மாற்றிக்கொள்வதே செலவற்ற, மிகப் பலனுள்ள வழி. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று அடுக்கடுக்காக உள்ளே போன அமைப்பு தெருவொலியையும் வழியிலேயே வடிகட்டிவிட்டது.

அடுத்து ஜன்னல். திறந்த ஜன்னல் வழியே உள்ளே வருவதைவிட மூடிய சாதாரண ஜன்னல் வழியே ஏறத்தாழ 10 டெசிபல் குறைவாக வரும். ஆனால் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் கண்ணாடிக்குச் செலவழித்த பணம் வீண். ரப்பர் பட்டையால் இடைவெளிகளை அடைத்த பிறகே தடித்த கண்ணாடியையோ, இரு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியையோ பற்றி யோசிக்க வேண்டும். திரைச்சீலையும் சுவரில் ஒட்டும் பஞ்சு அட்டையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளியொலியைத் தடுக்காது. இவற்றை ஒலித்தடுப்பு என்று சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. சென்னை வெயிலில் ஜன்னலை அடைத்துவிட்டு வாழ ஏ.சி. வேண்டும், அதற்கு வசதி வேண்டும். ஆகவே இதைத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன். சாலையோரத்தில் தகரக் கூரையின்கீழ் உறங்குபவருக்கு மூட ஜன்னலே இல்லை.

மருத்துவமனைகளைச் சுற்றி அமைதி மண்டலம் நடைமுறையில் இருக்கிறதா?

பலகை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாருடன் நகரின் மருத்துவமனை ஒன்றில் எட்டு இரவுகள் தங்கினேன். ‘ஹாரன் அடிக்காதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே இருந்த பேருந்து நிறுத்தத்திலிருந்து விடியற்காலை முதல் ஹாரன் ஒலித்துக்கொண்டே இருந்தது. மருந்தால் கண்ணயர்ந்த அவர் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு விழித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பலகை மட்டும் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

கைப்பேசிச் செயலியால் அளந்த அளவைப் புகாரில் சேர்க்கலாமா?

வழிகாட்டியாகச் சேர்க்கலாம், சான்றாக நிற்காது. கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக அமைக்கப்பட்டது; அதன் அளவு சில டெசிபல்கள் பிசகக்கூடும். ஒரே கைப்பேசியால், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஒரு வாரம் அளந்தால் ஏற்ற இறக்கம் தெரியும். உச்ச அளவைக் குறிக்காமல் சராசரியைக் குறியுங்கள்; விதிகள் பேசுவது சராசரியையே.

புகாரை யாரிடம், எப்படி அளிப்பது?

ஒலி வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினாலும், இரவு நேரக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டாலும், உரிய அதிகாரியிடம் எவரும் முறையிடலாம் என்று ஒலி மாசு விதிகள் உரிமை தருகின்றன. மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி ஆகியோரில், அரசு நியமிக்கும் எவரும் இதற்குரிய அதிகாரியாக இருக்கலாம். உடனடித் தொல்லைக்கு 100 அல்லது 112. நிலையான சிக்கலுக்கு எழுத்து மூலமான மனுவே பயன்படும்: போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒன்று, படியைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

‘எங்கள் சாலையில் சத்தம் அதிகம்’ என்று எழுதிய எங்கள் முதல் மனுவுக்கு எந்தப் பதிலும் வரவில்லை. ‘மாலை 6 முதல் 8 மணி வரை, இந்த நிறுத்தத்தில், பேருந்து நிற்கும் இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்பதால் இவ்வளவு ஹாரன் எழுகிறது, நிறுத்தத்தை இன்ன இடத்துக்கு மாற்றினால் குறையும்’ என்று படம் வரைந்து அனுப்பிய இரண்டாம் மனுவுக்கு அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். ஆட்டோக்கள் நிற்க நாற்பது அடி தள்ளி வெள்ளைக்கோடு போடப்பட்டது. கோடு மங்கும்போதெல்லாம் ஹாரன் திரும்பி வருகிறது. மறுபடியும் பூசச் சொல்லி எழுதுகிறோம்.